டிப்க்ளீனுக்குப் பிறகு எழாத டெஸ்க்டாப்

ஜென்டூ லினக்ஸில் அப்டேட் முடித்து, தேவையற்ற தொகுப்புகளை நீக்கும் டிப்க்ளீன் கட்டளையை ஓட்டிய பிறகு என் வேலண்ட் கம்பாசிட்டர் (திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் நிரல்) எழவே இல்லை. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும். வேறொரு டிடிஒய்க்குப் (எழுத்து மட்டும் உள்ள முனையத்துக்கு) போய், ஒரு நிரலுக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையைக் கம்பாசிட்டர் கோப்பின் மேல் ஓட்டிப் பார்த்தேன். கம்பாசிட்டர்கள் பயன்படுத்தும் டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகத்தின் 0.18 பதிப்புக்கு நேராக 'கிடைக்கவில்லை' என்று வந்தது.

டிப்க்ளீன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. யாருக்கும் தேவைப்படாத தொகுப்புகளை அது நீக்கும். இந்தக் கம்பாசிட்டரோ நான் கையால் கம்பைல் செய்து யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் வைத்தது. ஜென்டூவின் தொகுப்பு மேலாளரான போர்ட்டேஜின் கணக்கிலேயே கிடையாது. அப்படி வைத்ததைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்புதான்.

அப்டேட்டில் வந்த புதிய 0.19 நூலகத்துக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் (ஒரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போடும் யோசனையைப் பலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். டபிள்யூஎல்ரூட்ஸில் பதிப்புக்குப் பதிப்பு உள்ளமைப்பே மாறுகிறது. நிரல் எழுந்தாலும் எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

0.18 ஸ்லாட்டை (ஒரே தொகுப்பின் பல பதிப்புகள் அருகருகே இருக்க ஜென்டூ தரும் தனி இடம்) போர்ட்டேஜின் எமெர்ஜ் கட்டளை மூலம் திரும்ப நிறுவினேன், டெஸ்க்டாப் வந்துவிட்டது. அப்படிப் பெயர் சொல்லி நிறுவினால் நாமே கேட்டு நிறுவியவற்றின் பட்டியலான வேர்ல்டு கோப்பில் பதிவாகும், அடுத்த டிப்க்ளீன் அதைத் தொடாது. அப்புறம் கம்பாசிட்டருக்கு ஒரு சின்ன ஈபில்ட் (போர்ட்டேஜ் ஒரு தொகுப்பை நிறுவப் பயன்படுத்தும் குறிப்புக் கோப்பு) எழுதி, அந்த ஸ்லாட்டைச் சார்புத் தொகுப்பாகக் குறித்து, என் கணினியிலுள்ள லோக்கல் ரெப்போவில் (சொந்த ஈபில்ட் தொகுப்பில்) வைத்தேன். யூஎஸ்ஆர் லோக்கலில் மிச்சமிருப்பவற்றையும் ஒவ்வொன்றாக இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.