ஏறி ஆடும் பேக் எங்கே சறுக்குகிறார்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பள்ளி மைதானங்களில் கால்பந்து என்றால், நன்றாக ஓடும் பையனைப் பிடித்து ஓரத்தில் பேக்காக, அதாவது ஓரத் தடுப்பாட்டக்காரனாக, நிறுத்துவது வழக்கம். மைதானம் சிறியது, ஏறிப் போனாலும் ஒரே ஓட்டத்தில் திரும்பிவிடலாம். அதே பையன் ஓசூர் தாண்டி பெங்களூரில் கிளப் டிரையலுக்குப் போகிறான். அங்கே திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறியவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் காலி இடம் அப்போதுதான் கண்ணில் படும்.

முதல் தவறு, பந்து நம் அணியிடம் உறுதியாவதற்குள் ஓடுவது. நடுக்கள ஆட்டக்காரர் நம் கோலைப் பார்த்தபடி நெருக்கடியில் பந்து வாங்கினால் பேக் அசையக் கூடாது. அவர் திரும்பித் தலை நிமிர்ந்ததும் கிளம்பலாம். விங்கர், அதாவது நமக்கு முன்னால் ஓரத்தில் ஆடுபவர், உள்ளே வெட்டினால் அவரைத் தாண்டி வெளிப்பக்கமாக ஓடலாம், இதுதான் ஓவர்லாப். அவர் கோட்டோரம் நின்றால் நாம் உள்பக்கம் ஓட வேண்டும். இருவரும் கோட்டையே ஒட்டி நின்றால் எதிராளி ஒருவனே இருவரையும் கவனித்துக்கொள்வான்.

இரண்டு பேக்கும் சேர்ந்து ஏறுவது அடுத்தது. 2002 உலகக் கோப்பையில் பிரேசிலின் காஃபுவும் ராபர்டோ கார்லோஸும் அப்படித்தானே ஆடினார்கள் என்பார்கள். ஆடினார்கள். ஆனால் பின்னால் லூசியோ, எட்மில்சன், ரோக்கி ஜூனியர் என மூன்று ஸ்டாப்பர்கள் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்), அவர்களுக்கு முன் காவலாக நடுக்களத்தில் கில்பெர்ட்டோ சில்வா. இரண்டே ஸ்டாப்பர் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து ஆடினால் கோல் கீப்பர்தான் பாவம். இடது பேக் ஏறினால் வலது பேக் ஸ்டாப்பர்கள் பக்கம் நெருங்கி வர வேண்டும்.

கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்து அனுப்பும் விஷயத்தில், கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பதே பழக்கமாகிவிட்டது. பந்தைக் கடைசியாகத் தொடுவதற்கு முன்பே ஒருமுறை பாக்ஸை (கோல் முன் உள்ள பெனால்டி கட்டத்தை) பாருங்கள். கோல் கோடு வரை போய்விட்டால், பின்னோக்கி, பெனால்டி புள்ளி பக்கமாகத் தரையோடு உருட்டுங்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் அப்போது தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், நின்று திரும்ப நேரம் இருக்காது.

தடுப்பில் கோல் விழுவது பெரும்பாலும் தூரத்து போஸ்ட்டில், அதாவது பந்துக்கு எட்ட இருக்கும் கோல் கம்பத்தின் பக்கம்தான். பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போது பேக் பந்தையே பார்த்து நிற்பார், ஆள் அவர் தோளுக்குப் பின்னால் நழுவிவிடுவான். பந்தும் ஆளும் ஒரே பார்வையில் தெரியுமாறு உடம்பைச் சாய்த்து நிற்க வேண்டும். ஸ்டாப்பர்களைவிட ஓரடி பின்தங்கினாலும் எதிராளியை ஆஃப்சைடில் பிடிக்கும் வாய்ப்பு போச்சு. விங்கர் எதிரே வந்தால் பாய வேண்டாம். இரண்டு மீட்டருக்குள் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நின்று, கோட்டுப் பக்கம் தள்ளுங்கள்.

பயிற்சியில், மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினால் போதும் என்று நினைப்பது வீண். பேக்குக்குத் தேவை திரும்பத் திரும்ப ஸ்பிரிண்ட். 30 முதல் 40 மீட்டர் முழு வேகம், நடந்து திரும்புவது, இப்படி 6 முறை. சில நிமிட ஓய்வுக்குப் பின் இன்னொரு செட். வாரம் இருமுறை போதும். தொடைப் பின்தசைக்கு, முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, மெல்ல முன்னே சாயும் நார்டிக் பயிற்சியை 5 முறையில் தொடங்கலாம். இறுகிய செம்மண்ணில் பூட்ஸ் அடியில் நீளமான இரும்பு ஸ்டட் (முளை) வேண்டாம், வழுக்கும், முழங்காலையும் பதம் பார்க்கும். குட்டையான ரப்பர் ஸ்டட் போதும்.

இடம் மாற்றினால் கோபித்துக்கொள்வதும் தவறுதான். அல்போன்சோ டேவிஸ் விங்கராக வந்து பேயர்ன் மியூனிக்கில் இடது பேக் ஆனார். கேரத் பேல் இடது பேக்கில் தொடங்கி விங்கரானார். சிறுவனாக இருந்தபோது உடம்பு சிறியது என்று செல்டிக் கிளப் அனுப்பிவிட்ட ஆண்டி ராபர்ட்சன், 2012-ல் ஸ்காட்லாந்தின் நான்காம் அடுக்கில் குவீன்ஸ் பார்க் அணிக்கு ஆடி, 2017-ல் லிவர்பூல் போனார்.

ஆகவே 17 வயதில் டிரையலில் தேறாவிட்டால் வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்க ஓடாதீர்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தே வயதைப் பார்க்கிறார்கள். டிரையலுக்கு லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் இடைத்தரகரை வாசலோடு அனுப்புங்கள். ஒப்பந்தம் எத்தனை சீசனுக்கு, காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற இரண்டையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.