ஒருவர் திடீரெனச் சாய்ந்து விழுந்தால்: ஆம்புலன்ஸ் வரும்வரை நாம் செய்ய வேண்டியவை

ஒரு மாலை, என் தந்தை பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியிலேயே ஒருபக்கமாகச் சாய்ந்தார். நான் உடனே அவசர எண்ணை அழைத்தேன். மூச்சு விடுகிறாரா என்று எதிர்முனையில் கேட்டபோது, "விடுகிறார், குறட்டை போலச் சத்தமாகவே விடுகிறார்" என்று உறுதியாகச் சொன்னேன். அது உண்மையான மூச்சன்று என்பதைக் கண்டுகொண்டவர் தொலைபேசியில் இருந்த அந்தப் பெண்மணிதான். அவர் என்னைத் திருத்தி, தந்தையின் மார்பின் மேல் என் கைகளை வைக்கச் செய்வதற்குள் ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் கழிந்துவிட்டன. தந்தை பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த இரண்டு நிமிடங்கள் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்பதற்காகவே, அதன் பின் முறையாகச் சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தியும் வாய்வழி ஊதியும் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) பயிற்சி பெற்று, கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் மாரடைப்பு என்றே சொல்லிவிடுகிறோம். மாரடைப்பில் இதயத்தின் ரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலியைச் சொல்வார். இதய நிறுத்தம் வேறு. அதில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடுகிறது; சில நொடிகளில் நினைவு போய்விடும். முன்னது பின்னதாக மாறலாம். சிபிஆர் தேவைப்படுவது பின்னதற்கே.

முதற்படி: எழுப்பிப் பாருங்கள், அழையுங்கள்

மின்கசிவு, வாகனங்கள், தீ போன்ற ஆபத்து உங்களுக்கு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அருகில் செல்லுங்கள். இரு தோள்களையும் தட்டி, உரக்கக் கூப்பிடுங்கள். அசைவோ பதிலோ இல்லையென்றால் அவசர எண்ணை அழைத்து, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். காதோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. உடன் வேறொருவர் இருந்தால், அவரைச் சுட்டி, ஏஇடி கருவியை (நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கையடக்கக் கருவி) எடுத்துவரச் சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னால் எவரும் நகர்வதில்லை.

இரண்டாம் படி: அது மூச்சுதானா?

நான் தவறியது இங்கேதான். ஆகையால் இந்தப் படியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டில் எஞ்சியிருக்கும் செயல்பாட்டினால் சில நிமிடங்களுக்கு வாய் திறந்து மூடலாம், தாடை அசையலாம், குறட்டை போலவோ விக்கல் போலவோ முனகல் போலவோ ஒலி வரலாம். ஒரு முறை இழுத்தபின் நெடுநேரம் ஒன்றும் இராது. பிறகு மீண்டும் ஓர் இழுப்பு வரும். இது இதய நிறுத்தத்தின் தொடக்கத்தில் பலரிடம் காணப்படும் அடையாளம். உடலுக்கு இதனால் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆனால் அருகில் நிற்கும் மகனோ மனைவியோ இதைக் கண்டு, மூச்சு இருக்கிறது என்று ஆறுதல் கொண்டு காத்திருந்துவிடுகிறார்கள்.

எனவே நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து, மறுகை விரல்களால் மோவாயை உயர்த்தி, மார்பையே பாருங்கள். வாயைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 10 நொடிகளுக்கு மேல் பார்க்க வேண்டாம். வளர்ந்த ஒருவர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அப்படியென்றால் அந்த 10 நொடிகளில் மார்பு குறைந்தது இரண்டு முறையாவது சீராக உயர்ந்து தாழ வேண்டும். தொலைபேசியில் இருந்தவர் எனக்குச் சொல்லித்தந்த வழி இதைவிட எளிது: மார்பு உயரும் ஒவ்வொரு முறையும் "இப்போது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் ஒரு முறை சொன்னேன். அடுத்த "இப்போது" வரவேயில்லை.

சிலருக்கு இதயம் நிற்கும் நேரத்தில் கைகால்கள் சற்று நேரம் வெட்டி இழுக்கும். அதை வலிப்பு என்று எண்ணி ஒதுங்கி நிற்க வேண்டாம். இழுப்பு அடங்கியவுடன் மார்பை மீண்டும் பாருங்கள். நாடி பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். பதற்றத்தில் நம் விரலின் துடிப்பையே நாம் உணர்ந்துவிடலாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்ற இரண்டும் சேர்ந்தாலே போதும், தொடங்கிவிடலாம். ஒருவேளை இதயம் துடித்துக்கொண்டிருந்தால் என்னாகும் என்ற அச்சம் எல்லோருக்கும் வரும். துடிக்கும் இதயத்தின் மேல் அழுத்தியதால் பெருங்கேடு நேர்வது அரிது. நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி.

மூன்றாம் படி: அழுத்துதல்

மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறுகையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் மடங்காமல், உங்கள் தோள்கள் கைகளுக்கு நேர் மேலே இருக்கட்டும். வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதுமாக மேலெழ விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்பும். களைத்தவர்கள் தம்மை அறியாமல் மார்பின் மேல் சாய்ந்துவிடுவது இங்கே நேரும் பொதுவான பிழை. விலா எலும்பு முறியும் ஒலி கேட்கலாம். எனக்குக் கேட்டது. நிறுத்தாதீர்கள், எலும்பு பின்னர் கூடிவிடும்.

பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 முறை வாய்வழி ஊதலாம். பயிற்சி இல்லாதவர்கள் இடைவிடாமல் அழுத்துவதே மேல். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்; களைப்பை நாம் உணர்வதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடும். ஊதும்போது இருவர் வாய்க்கும் நடுவே வைக்கும் தடுப்புக் கருவிகளில் எனக்கொரு திட்டமான விருப்பம் உண்டு: சாவிக்கொத்தில் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் திரையைவிட, ஒருவழி வால்வு பொருத்திய பாக்கெட் மாஸ்க்கையே வாங்குங்கள். முகத்தோடு நன்றாகப் பொருந்துவதால் ஊதும் காற்று பக்கவாட்டில் கசியாது.

மூடிய மார்பின் மேல் அழுத்தும் இம்முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960-இல்தான் வெளியிட்டார்கள். அதற்கு முன் நின்ற இதயத்தை இயக்க மருத்துவர்கள் பெரும்பாலும் மார்பைப் பிளந்தே கையால் பிசைந்தார்கள் என்பதை எண்ணும்போது, வெறுங்கையால் நம்மைப் போன்றோரும் செய்யக்கூடியதாக இது வந்து சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய கொடை என்று தோன்றுகிறது.

ஏஇடி வந்தவுடன் முதலில் அதை இயக்குங்கள். அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதை அதுவே குரலில் சொல்லும். அதனோடு வரும் இரு ஒட்டுப் பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்பின் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கமும் ஒட்ட வேண்டும். மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள். பெண்களின் ஆடையை விலக்கத் தயங்குவதால் அவர்களுக்கு உதவி தாமதமாகிறது, தயங்காதீர்கள். அதிர்ச்சி கொடுக்கும்போது எவரும் தொடக் கூடாது. கொடுத்து முடித்தவுடன் மீண்டும் அழுத்தத் தொடங்குங்கள்.

நினைவில்லை, ஆனால் மார்பு சீராக ஏறி இறங்குகிறது என்றால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

நினைவோடு இருப்பவர்களின் அவசரங்கள்

நெஞ்சில் இறுக்கம், கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மூச்சுத்திணறலும் குமட்டலும் களைப்பும் மட்டுமே தோன்றலாம். உட்காரவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுக் கோளாறோ இல்லையென்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். எதிர்முனையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பக்கவாதத்தில் அதே ஆஸ்பிரினைக் கொடுக்கவே கூடாது. அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். சிரிக்கும்போது முகம் ஒருபக்கம் கோணுவது, தூக்கிய கைகளில் ஒன்று தாழ்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்றே போதும், அழைத்துவிடுங்கள். கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பை உண்டாக்கிய ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்; அந்தக் கணக்கு, நாம் கண்ட நேரத்திலிருந்து தொடங்காமல், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தண்ணீரும் தர வேண்டாம்.

தொண்டையில் ஏதேனும் அடைத்து இருமவும் பேசவும் முடியாதவருக்கு, முன்னே குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 அடிகள். பலனில்லையென்றால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலாக இழுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தாமல் மார்பில் அழுத்த வேண்டும்.

கடும் ஒவ்வாமையில் உதடும் நாக்கும் வீங்கி மூச்சு திணறினால், அவரிடம் உள்ள அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில், ஆடையின் மேலாகவே செலுத்தலாம். அதன்பின் எழுந்து நடக்கவிட வேண்டாம். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதியபோது நான் சொல்லாமல் விட்ட மூன்று செய்திகளை வாசகர்களின் கேள்விகள் நினைவூட்டின.

மெத்தையில் படுத்திருப்பவரை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். மெத்தை அமிழ்வதால் அழுத்தத்தின் ஒரு பகுதி மார்பை எட்டாமலேயே வீணாகிறது. தலையைத் தாங்கிப் பிடித்துத் தரைக்கு இறக்கிவிடுங்கள். நாற்காலியில் சாய்ந்த என் தந்தையையும் அப்படித்தான் இறக்கினோம்.

நீரில் மூழ்கியவர்களையும் குழந்தைகளையும் பற்றிச் சிலர் கேட்டார்கள். அவர்களிடம் பெரும்பாலும் மூச்சு தடைபட்டதால்தான் இதயம் நிற்கிறது. ஆகவே வாய்வழி ஊதுவது இங்கே மிக முக்கியம். குழந்தையின் மார்பை, முன்புறத்திலிருந்து முதுகுவரை உள்ள அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அழுத்த வேண்டும்.

காறை எலும்பின் கீழ்த் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் சிறு கருவி) புடைத்துத் தெரிந்தால் ஏஇடி பயன்படுத்தலாமா என்பது மூன்றாவது கேள்வி. பயன்படுத்தலாம், பட்டையை அந்தப் புடைப்பின் மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள்.