‘இதுதாம்மா நம்ம வீடு’: மறதி நோயில் நாம் செய்யும் தவறுகள்

மாலை ஐந்தரை ஆனால் அம்மா மஞ்சப்பையை எடுத்துவிடுவார். ஒரு ரவிக்கை, சீப்பு, எப்போதோ காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடி, எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு வாசல் கதவருகே போய் நிற்பார். “நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்.” நானும் தினமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். “இதுதாம்மா நம்ம வீடு. கும்பகோணத்து வீட்டை வித்து எட்டு வருஷமாச்சு.” தினமும் அழுதார். சில நாள் என் கையைத் தட்டிவிட்டுக் கதவை உடைக்கப் பார்த்தார். உண்மையைத்தானே சொல்கிறேன், இதில் என்ன தப்பு என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். எட்டாவது வரை படித்தவர். வந்த மூன்றாம் நாள், அம்மா பையோடு நின்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்மா?” “விளக்கு வைக்கணும். இருட்டுது பாரு.” “சரிம்மா, இங்க வச்சுட்டுக் கிளம்பலாம், வாங்க.” விளக்கேற்றினார்கள். அம்மா திரியைத் தூண்டிவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டார். பை நாற்காலியிலேயே கிடந்தது. அன்று யாரும் அழவில்லை.

மறதி நோய் உள்ளவரோடு வாதாடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் அதுதான் வேர். மறதி நோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியா, ஒரே நோயின் பெயர் கிடையாது. மூளையைப் பாதிக்கும் பல நோய்களுக்கான பொதுப்பெயர். அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். 1906-இல் ஜெர்மனிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோய் அது. புது நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத்தான் அது ஆரம்பத்திலேயே அரிக்கிறது. நாம் எவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொன்னாலும் அது தங்க இடமில்லை. ஆனால் சொன்னபோது ஏற்பட்ட அவமானமும் பயமும், சொன்ன விஷயம் மறந்த பிறகும் தங்கிவிடுகின்றன. “அப்பா எங்க?” என்று கேட்பவரிடம் “அவர் செத்துப் பத்து வருஷமாச்சே” என்றால், அவருக்கு அது இன்றைக்கு வந்த சாவுச் செய்தி. நாளைக்குக் கேட்டால் நாளைக்கும் புதுச் சாவு. “அப்பா ஞாபகம் வந்துடுச்சா? அவருக்கு என்ன சமைச்சா பிடிக்கும்?” என்று பேச்சைத் தொடரலாம். அவர் தேடுவது பெரும்பாலும் தகவலை இல்லை, ஒரு துணையை.

கல்யாண வீட்டில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். “என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!” அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் நடுவில் பதில் தெரியாமல் நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்தால் அடுத்த முறை கேட்க மாட்டீர்கள். “அத்தை, நான் ராஜி, உங்க தம்பி பொண்ணு” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

இன்னொன்று, திருட்டுப் பழி. “என் வளையலைக் காணோம், இவதான் எடுத்தா.” இந்த ஒரு வாக்கியத்தால் வேலையை விட்டுப் போன பெண்கள் பலர், பேச்சு நின்றுபோன மாமியார் மருமகள்கள் பலர். பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே ஒளித்து வைக்கிறார். ஒளித்தது மறந்துபோகிறது. வளையல் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, மீதிக் கதையை மூளை தானாக இட்டு நிரப்புகிறது. “நான் எடுக்கலை” என்று சத்தியம் செய்வதால் பயனில்லை. “அடடா, வாங்க, ரெண்டு பேரும் தேடுவோம்” என்று கிளம்புங்கள். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவும் தலையணை உறையும்தான் வழக்கமான இடங்கள். தங்கத்தைக் கழற்றிவிட்டு கவரிங் போட்டுவிடுவது நல்லது. வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே, “இப்படிச் சொல்வார், நாங்கள் நம்ப மாட்டோம்” என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் அதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு நல்ல பெண் அழுதுகொண்டே போனார்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். “வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்று இரண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிடுகிறோம். சாம்பாரில் உப்புப் போட மறப்பது வேறு. நாற்பது வருடம் சாம்பார் வைத்தவர் தாளித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. 2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. அதே சமயம் மறதியெல்லாம் டிமென்ஷியாவும் ஆகிவிடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், இவையெல்லாம் அப்படியே மறதி நோய் போலத் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பரிசோதனை செய்யாமலேயே ‘அல்சைமர்’ என்று வீட்டில் முடிவுகட்டுவது பெரிய இழப்பு.

அதைவிட அவசரமானது, திடீர் மாற்றம். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இரண்டே நாளில் குழறுகிறார், யாரோ சுவரில் நிற்கிறார்கள் என்கிறார், அல்லது பகல் முழுக்கத் தூங்கி வழிகிறார் என்றால் ‘நோய் முத்திப்போச்சு’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது. மறதி நோய் பெரும்பாலும் அப்படி இரண்டு நாளில் தாவாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர்ச்சத்து குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, இப்படி ஏதோ ஒரு காரணம் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் குழப்பத்தைக் கூட்டும். ராத்திரி தூங்காதவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால், நடுராத்திரி கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பு உடையலாம். கோபத்தையும் சத்தத்தையும் அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. மூளைச் செல்களில் ஒருவகைப் புரதம் படிவதால் வரும் லூயி பாடி வகை டிமென்ஷியாவில் அவை இன்னும் ஆபத்து. சில நேரம் அவை தேவைப்படலாம், அதை மருத்துவர் அளந்து கொடுக்கட்டும். பழைய சீட்டை வைத்து மாதாமாதம் வாங்கிப் போடுவதுதான் தவறு. கூச்சல் போடுபவருக்கு வலி இருக்கிறதா, பசியா, சிறுநீர் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். “எனக்கு வலிக்குது” என்று சொல்லும் வார்த்தை அவரிடம் இல்லாமல் போயிருக்கலாம்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு தவறு உண்டு. மூன்று மாதம் அண்ணன் வீடு, மூன்று மாதம் தங்கை வீடு என்று முறை வைப்பது. பிள்ளைகளுக்கு அது நியாயமாகத் தெரியும். ஆனால் கழிவறை எந்தப் பக்கம் என்பதை உடம்புப் பழக்கத்தால்தான் கண்டுபிடிக்கிறார் அவர். அந்தப் பழக்கம் படிவதற்குள் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுகிறோம். முடிந்தால் ஆளை நகர்த்தாமல் பார்த்துக்கொள்பவர்கள் முறை மாறி வந்து தங்குங்கள்.

குளியல் பெரிய சண்டைக்களம். எடுத்த எடுப்பில் தலையில் தண்ணீர் ஊற்றினால் அவர் அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்வார். வெதுவெதுப்பான நீர், முதலில் பாதம், பிறகு கை, தோளில் ஒரு துண்டு, கடைசியில்தான் தலை. மறுத்தால் விட்டுவிடுங்கள், அரை மணி கழித்துக் கேட்டால் சரி என்பார். சாப்பாட்டில் ஒரே கண்டிப்பு: படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டி, முடிந்ததும் அரை மணியாவது அப்படியே உட்காரட்டும். உணவு நுரையீரலுக்குள் இறங்கி வரும் நிமோனியா உயிரையே எடுக்கும்.

எல்லா வேலையையும் நாமே செய்துவிடுவதும் அன்பால் வரும் தவறுதான். என் பெயரே நினைவில்லாத நாளிலும் அம்மாவின் விரல்கள் மல்லிகையைச் சரம் சரமாகக் கட்டின. கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. கீரை ஆயட்டும், பூண்டு உரிக்கட்டும். கீரையோடு தண்டும் சேர்ந்து வந்தால் வரட்டும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பலர் ‘பவர்’ எழுதி வாங்கினால் போதும் என்று நம்புகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மனத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். பிறகு நீதிமன்றம்தான். கூட்டு வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம், உயில் எல்லாவற்றையும் ஆரம்ப நாட்களிலேயே, அவருடைய விருப்பத்தைக் கேட்டுச் செய்துவிட வேண்டும்.

பார்த்துக்கொள்பவர் தன் மூளையை மறப்பதும் ஒரு தவறுதான். ஞாபகசக்தி டானிக்கில் காசைப் போடுவதைவிட ரத்த அழுத்தத்தைச் சரியாக வைப்பது மேல். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, உடலசைவின்மை எல்லாம் அதில் உண்டு. நாம் கண்டுகொள்ளாத ஒன்றும் உண்டு: காது மந்தம். காதுக்கருவி போடக் கூச்சப்படாதீர்கள்.

வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பும், கலையாத ஆறு மணி நேரத் தூக்கமும் கட்டாயம் கொடுங்கள். தூங்காதவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் மறதி நோய்ப் பிரிவான டெம்கேர்ஸ் இருக்கிறது. 1992-இல் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற இந்திய அல்சைமர் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு.

புதிதாக ஒருவர் வேலைக்கு வரும்போது ஒரே ஒரு தாளாவது எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், காபி டம்ளரிலா டபராவிலா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார், எந்தப் பக்கம் படுப்பார். எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் கடைசி வரி இது: “மாலை 5.30 மணிக்கு விளக்கு. தீப்பெட்டி அவர் கையில் வேண்டாம். நீங்கள் ஏற்றுங்கள், திரியை அவர் தூண்டட்டும்.”