கல்லட்டி மலைப்பாதையில் ஒரு லூப்: நிறுத்து, தொடர்

லூப், அதாவது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நிரல் பகுதி, எழுதப் பழகியதும் அடுத்து வரும் கேள்விகள் இரண்டு. பாதியிலேயே வெளியே வருவது எப்படி? ஒரு சுற்றை மட்டும் விட்டுவிட்டு மேலே போவது எப்படி? இதை எழில் என்ற தமிழ் நிரல் மொழியில் செய்து பார்ப்போம். முத்தையா அண்ணாமலை, பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியைக் கொண்டு உருவாக்கிய மொழி அது. இங்கே வரும் ‘நிறுத்து’ பைத்தானில் பிரேக், ‘தொடர்’ கண்டினியூ.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டிப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே இறங்குவோம்.

வளைவு = 1
@( வளைவு <= 36 ) வரை
    பதிப்பி வளைவு
    வளைவு = வளைவு + 1
முடி

பதிப்பி என்றால் திரையில் காட்டு. ‘வரை’ லூப், அடைப்புக்குறிக்குள் உள்ள நிபந்தனை சரியாக இருக்கும்வரை ஓடும். 1 முதல் 36 வரை வரும். சரி, 9-ஆம் வளைவில் யானை நிற்கிறது என்று வையுங்கள். அதற்கு மேல் போகக் கூடாது. பதிப்பி வரிக்கு முன்னால் இதைச் சேருங்கள்:

    @( வளைவு == 9 ) ஆனால்
        நிறுத்து
    முடி

இப்போது 8 வரைதான் வரும். நிறுத்து என்றதும் லூப் அங்கேயே முடிந்து, அதன் முடி வரிக்கு அடுத்த வரிக்குப் போய்விடும்.

அடுத்து, யானை இல்லை. 9-ஆம் எண்ணை மட்டும் அச்சிட வேண்டாம். நிறுத்து இருந்த இடத்தில் தொடர் என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். 8 வந்ததும் திரை அப்படியே நின்றுவிடும். கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி வெளியே வாருங்கள்.

ஏன் இப்படி? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தொடர் என்றால், கீழே உள்ள வரிகளை விட்டுவிட்டு மேலே நிபந்தனைக்குத் திரும்பு என்று பொருள். அப்படி விடுபட்ட வரிகளில் ஒன்றைக் கூட்டும் வரியும் இருக்கிறது. வளைவு 9-ஆகவே இருக்கிறது, மறுபடி தொடர், மறுபடி 9. இதற்கு முடிவே கிடையாது. கூட்டலை முதல் வரியாக்கிவிட்டால் போதும்:

வளைவு = 0
@( வளைவு < 36 ) வரை
    வளைவு = வளைவு + 1
    @( வளைவு == 9 ) ஆனால்
        தொடர்
    முடி
    பதிப்பி வளைவு
முடி

8-க்கு அப்புறம் 10, கடைசியில் 36. தொடக்கம் 0 ஆனதையும், <= என்பது < ஆனதையும் கவனியுங்கள். பழைய குறியை அப்படியே விட்டால், பாதையில் இல்லாத 37-ஆம் வளைவும் அச்சாகும். பைத்தானின் ஃபார் லூப் அடுத்த எண்ணைத் தானே எடுத்துக்கொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் வராது. வைல் லூப்பில் (நாம் எழுதிய ‘வரை’ லூப் அதுதான்) கூட்டல் வரி தொடருக்குக் கீழே இருந்தால் கட்டாயம் வரும். அதனால் வைல் லூப்புக்குள் தொடர் எழுதும்போதெல்லாம் கூட்டல் வரி அதற்கு மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லூப்புக்குள் இன்னொரு லூப் இருந்தால், உள்ளே எழுதிய நிறுத்து உள் லூப்பை மட்டுமே நிறுத்தும். வெளி லூப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மேலே உள்ள நிரலை 3 முறை ஓடும் இன்னொரு லூப்புக்குள் வைத்து, தொடர் இருக்கும் இடத்தில் நிறுத்து போடுங்கள்: 1 முதல் 8 வரை 3 தடவை அச்சாகும்.