மின்கட்டணம் திடீரென ஏறினால்: யாழ்ப்பாண வீடுகளில் நிகழும் தவறுகள்

மின்பட்டியல் கைக்கு வந்ததும் ரூபாயை மட்டும் பார்த்துவிட்டு மீற்றரைச் சந்தேகிப்பதே பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. எத்தனை நாட்களுக்கு எத்தனை அலகுகள் என்பதைப் பார்த்து, பட்டியலிலுள்ள வாசிப்பை மீற்றரில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே மற்றவற்றைப் பேசலாம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுவதால், போன வருட ரூபாயோடு இந்த வருட ரூபாயை ஒப்பிடுவதிலும் பயனில்லை.

இலங்கையில் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டிய வீட்டுக்கு வேறொரு கணக்கு. தாண்டியதும் மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்றி, முதலாவது அலகிலிருந்தே உயர்ந்த விலை அறவிடப்படும். நிலையான கட்டணமும் கூடும். போன மாதம் 58, இந்த மாதம் 64 என்றால் ஆறு அலகுக்குரிய காசுதானே கூட வேண்டும் என்று வாதாடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்த தவறு, பழியை விளக்கின் மேல் போடுவது. படிக்கிற பிள்ளையிடம் லைற்றை நிற்பாட்டச் சொல்லிக் கத்துகிற வீட்டிலேயே குளியலறை ஹீற்றர் கேள்வியின்றி ஓடிக்கொண்டிருக்கும். 3,500 வாட் ஹீற்றரில் ஒருவர் 10 நிமிடம் குளித்தால் செலவாகும் மின்சாரத்தில், 9 வாட் எல்இடி விளக்கொன்றை நாளுக்கு 5 மணித்தியாலம் வீதம் ஏறக்குறைய 13 நாட்கள் எரிக்கலாம். நான்கு பேர் தினமும் அப்படிக் குளித்தால் மாதத்துக்கு 70 அலகு, அதாவது அந்த 60 அலகு எல்லையைத் தாண்ட ஹீற்றர் ஒன்றே போதும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நின்ற மாதத்தின் பட்டியல் ஏன் அப்படி வந்தது என்பதற்கு வேறு விளக்கம் பெரும்பாலும் தேவைப்படாது (ஏசியும் ஓடியிருந்தால் சொல்லவே வேண்டாம்).

இங்கே அறையைச் சூடாக்கும் தேவை இல்லை, சூடாக்குவது தண்ணீரைத்தான். அதிலும் மார்கழிப் பனியில், இரவு முழுவதும் மொட்டை மாடித் தாங்கியில் குளிர்ந்து கிடந்த தண்ணீரை விடியற்காலையில் சூடாக்குகிறோம். அதே நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். புதிதாக இறைத்தால் சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் சற்றுச் சுடவைத்தால் போதும். வெயில் எறித்த நாளில் தாங்கித் தண்ணீர் பின்னேரம் தானாகவே சூடாக இருப்பதால், குளிப்பைப் பின்னேரத்துக்கு மாற்றுபவருக்கு ஹீற்றரே வேண்டியதில்லை. தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் கீசர் உள்ளவர்கள் அதை நாள் முழுவதும் போட்டு வைப்பது தனித் தவறு: ஒருவரும் குளிக்காவிட்டாலும் அது ஆறுவதும் மீண்டும் சூடாவதுமாகவே இருக்கும்.

கெற்றிலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புதான் பில்லை ஏற்றுகிறது என்றும் சொல்வார்கள். நமது சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரில் அந்தப் படிவு தவிர்க்க முடியாதது. ஆனால் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கம்பியின் வெப்பம் எப்படியும் தண்ணீருக்கே போய்ச் சேரும். கெடுவது கம்பியின் ஆயுள். இரண்டு கோப்பைத் தேநீருக்குக் கெற்றிலை நிறைத்துக் கொதிக்க வைப்பதே உண்மையான வீண்செலவு.

கிணற்று மோட்டரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு குதிரைவலு மோட்டர் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு எடுக்கும். ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் அடைப்பு) தேய்ந்து தண்ணீர் கீழிறங்கினால் மோட்டர் நெடுநேரம் வெறுமனே சுழலும். கழிப்பறைத் தொட்டி ஒழுகினால், தானாக இயங்கும் மோட்டர் எல்லோரும் நித்திரையான பின்னும் ஓடும்.

இவை எதையும் பாராமல் மின்கசிவு என்று முடிவுகட்டி வயரிங்கை மாற்றப் புறப்படுவது செலவுமிக்க தவறு. நல்ல நிலையிலுள்ள 30 மில்லி அம்பியர் றிப் சுவிச் (மின் கசிந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிச்) அதற்கு மேற்பட்ட கசிவில் விழுந்துவிடும். விழாத அளவுக் கசிவால் மாதம் ஐந்து அலகு போவதே அதிகம். றிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். பின்னர் அதை மீண்டும் போட்டு, வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, மீற்றரின் சிறு விளக்கு இன்னும் மினுங்குகிறதா என்று சில நிமிடங்கள் கவனியுங்கள். மினுங்கினால் மின்னியலாளரை அழைக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, எதற்கு அது வேகமாக மினுங்குகிறது என்று பார்ப்பதே அடுத்த வேலை.