வன்னி வானத்தைப் படமெடுக்கும்போது மென்பொருளில் விடும் பிழைகள்

படம் சரிவராவிட்டால் முதலில் திட்டு வாங்குவது மென்பொருள்தான். படங்களை அடுக்கும் சிரில் பொருத்தமாட்டேன் என்கிறது, கமெராவை ஓட்டும் நீனா நடுச்சாமத்தில் நின்றுவிட்டது, நட்சத்திரத்தைப் பின்தொடர வழிகாட்டும் பீஎச்டி 2 ஒழுங்காக ஓடியும் நட்சத்திரமெல்லாம் முட்டை வடிவில் வருகிறது. கிண்டிப் பார்த்தால் மென்பொருள் சொன்னதைத்தான் செய்திருக்கும். நாம் கொடுத்த எண்தான் பிழை. அந்த எண்கள் வழிகாட்டிகளிலும் காணொளிகளிலும் இருந்து வருகின்றன. அவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் 40, 50 பாகை வடக்கே, குளிர்காய்ந்துகொண்டு நிற்பவர்கள். கிளிநொச்சி இருப்பது 9.4 பாகையில். அங்கே பொருந்தும் அமைப்பை வன்னி வயற்கரையில் அப்படியே போட்டால் பாதி இரவு வீண்.

இடம், நேரம், துருவம்

நெட்டாங்கைக் கொடுக்கும்போது கிழக்கா மேற்கா என்று இரண்டு தடவை பாருங்கள். கிளிநொச்சி 80.4 கிழக்கு. மேற்கு தெரிவாகியிருந்தால் வானம் ஏறக்குறைய பதினொரு மணிநேரம் தள்ளிப்போகும். தலைக்கு மேல் நிற்கும் ஓரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்று மவுண்ட் (கமெராவை வானத்தோடு திருப்பும் தாங்கி) அடம்பிடிக்கும். நேர வலயம் +5:30. அந்த அரை மணியை விட்டுவிட்டால் 7.5 பாகை பிசகும். 9.38 பாகையை 9 பாகை 38 கலை என்று எழுதுவதும் வழக்கமான தவறு (ஒரு பாகைக்கு 60 கலை, எனவே சரியானது 9 பாகை 23 கலை). ஆனால் அது கால் பாகைப் பிசகுதான், படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் பிளேட் சோல்வ் சமாளித்துவிடும்.

மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்க வேண்டும். அதில் பெரிய நேரவிரயம் துருவ நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டுவது. இங்கே அது அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு. இரணைமடுக் குளக்கட்டில் நின்று பாருங்கள். தெற்கே தண்ணீர், திறந்த வெளி, நல்ல இருட்டு. வடக்கே மரங்கள், அதற்குப் பின்னால் கிளிநொச்சி நகரத்து வெளிச்சம். அந்தப் புகாருக்குள்தான் துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டும். ஷார்ப்கப் என்ற படப்பதிவு மென்பொருளின் துருவச் சீரமைப்புக்குக் கமெரா துருவத்திலிருந்து சுமார் 5 பாகைக்குள் பார்க்க வேண்டும் என்பதால், ஒரு பனைவடலி மறைத்தாலே வேலை நின்றுவிடும். வடக்கு தெரியும் இடம் தேடி இருட்டில் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். யானைக்கும் பயம், மிதிவெடி அகற்றி முடியாத இடங்களும் இன்னும் இருக்கின்றன.

நீனாவில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு என்ற செருகுநிரல் இருக்கிறது. துருவம் தெரியவே தேவையில்லை. திறந்திருக்கும் பக்கமாக, 40 பாகைக்கு மேலே கமெராவைத் திருப்பி, புள்ளிகளுக்கு இடையே 10 முதல் 20 பாகை விட்டு ஓடவிடுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. ஒன்பது பாகை உயரத்தில் வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் துருவம் உண்மையான இடத்தைவிட சுமார் 6 கலை உயர்ந்து தெரியும். ஒளிமுறிவுத் திருத்தம் என்ற தெரிவு இதற்காகவே. துருவக்குழாயால் (மவுண்டின் அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கி) சரிசெய்துவிட்டு மென்பொருள் 6 கலை பிழை காட்டுகிறதே என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். 200 மில்லிமீற்றர் லென்ஸும் ஓரிரு நிமிட எக்ஸ்போஷரும் என்றால் அந்த 6 கலையை மறந்துவிடலாம்.

மவுண்டின் உயரத் திருகு ஒன்பது பாகைக்கு இறங்காவிட்டால் ட்ரைபொட்டின் வடக்குப் பக்கத்தைத் தாழ்த்துங்கள். எதிர்எடையைத் தாங்கும் எடைத்தண்டு இங்கே ஏறக்குறைய நேர் கீழே தொங்கும். ஒரு கால் வடக்கே இருந்தால் அதில் மோதும். ஒரு காலைத் தெற்கே விட்டு, மற்ற இரண்டுக்கும் இடைவெளி வடக்கே வரும்படி வையுங்கள். பொருள் தலைக்கு மேலான வடக்கு-தெற்குக் கோட்டை (உச்சக்கோட்டை) கடந்ததும் மவுண்ட் மறுபக்கம் புரளும் தானியங்கி உச்சத் திருப்பத்தை நம்பித் தூங்கப் போகுமுன், பகலில் ஒருதடவை கையால் சுற்றிப் பார்த்து குழாய் எங்கே தட்டுகிறது என்று அறிந்து, அந்த எல்லையை மென்பொருளில் பதியுங்கள்.

பீஎச்டி 2: தெற்கே பாதி உயரம் என்ற பொய்

பீஎச்டி தன் திருத்தம் மவுண்டை எவ்வளவு நகர்த்துகிறது என்று அளக்கும் அளவுதிருத்தத்தை வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே ஓடுவது) அருகே, உச்சக்கோட்டை ஒட்டிச் செய்ய வேண்டும். வழிகாட்டிகள் இதைச் சுருக்கி "தெற்கே திரும்பி, பாதி உயரத்தில்" என்று சொல்லிவிடும். ஐரோப்பாவில் அது சரி. கிளிநொச்சியில் வான நடுக்கோடு தெற்கே 80 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே ஓடுகிறது. பாதி உயரம் என்று 50 பாகையில் செய்தால் நீங்கள் நிற்பது மைனஸ் 30 பாகை நடுவரை விலக்கத்தில், அதாவது வான நடுக்கோட்டுக்கு 30 பாகை தெற்கே. மவுண்ட் தன் இடத்தை மென்பொருளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் பீஎச்டி ஈடுசெய்யும். வெறும் வழிகாட்டு வயர் மட்டும் இணைத்திருந்தால் திருத்தங்கள் தவறான அளவில் போகும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நட்சத்திரம் துள்ளும். உடனே வழிகாட்டு எக்ஸ்போஷரை அரைச் செக்கனாக்கி, திருத்தத்தின் தீவிரத்தைக் கூட்டுவது கைவந்த பிழை. அப்போது மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்தத் தொடங்கும். 2 முதல் 3 செக்கன் வையுங்கள், தீவிரத்தைக் குறையுங்கள், ட்ரைபொட்டைத் தாழ்த்துங்கள், காற்றுப் பக்கமாக ஒரு தறப்பாளைக் கட்டுங்கள். தறப்பாள் எந்த அமைப்பையும்விட அதிகம் உதவும்.

டிதர், அதாவது படங்களுக்கு இடையே கமெராவைச் சற்று நகர்த்துவது, செய்யாமல் விடுவது இன்னொரு பிழை. கமெராவின் நிலையான இரைச்சல் ஒரே திசையில் நகர்ந்து, அடுக்கிய படத்தில் மழைக்கோடு போலச் சாய்வாக விழும். அதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. இரண்டு மூன்று நிமிடப் படங்கள் என்றால் ஒவ்வொரு மூன்று படத்துக்கும் ஒருமுறை டிதர் போதும்.

குளிரூட்டியும் டார்க் படங்களும்

குளிரூட்டிய கமெராவை மைனஸ் 10 பாகையில் வைக்கச் சொல்வார்கள். இவ்வகைக் கமெராக்கள் சுற்றுவெப்பத்தைவிட 35 பாகை அளவுதான் இறங்கும். ஆவணி இரவில் வயற்கரை 28 பாகையில் இருந்தால் எல்லை மைனஸ் 7. மைனஸ் 10 கேட்டால் குளிரூட்டி நூறு வீதத்தில் திணறும், வெப்பநிலை ஆடும், டார்க் (இரைச்சலைக் கழிக்க மூடியிட்டு எடுக்கும் படம்) ஒத்துவராது. 12 வோல்ற்றில் 3 அம்பியர் அளவு இழுத்து பற்றரியையும் குடித்துவிடும். வருடம் முழுவதற்கும் 0 பாகை என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒரே டார்க் தொகுதியை எடுத்துவைப்பது நல்லது. இன்றைய சென்சர்களில் 0க்கும் மைனஸ் 10க்கும் உள்ள வித்தியாசம் வான வெளிச்சத்தின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும்.

சாதாரண டீஎஸ்எல்ஆர் கமெராவில் வெப்பம் நம் கையில் இல்லை. இரவில் படமெடுத்துவிட்டு, டார்க்கை அடுத்தநாள் வீட்டில் எடுப்பது பயனற்றது. கடைசிப் படம் முடிந்ததும், கமெரா சூட்டோடு இருக்கையில், லென்ஸ் மூடியைப் போட்டு, பார்வைத் துளையையும் மறைத்து, அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷரில் 20 எடுங்கள். சாமான் கட்டும் நேரத்துக்குள் முடியும். முடியாவிட்டால் டார்க்கே வேண்டாம், டிதர் போதும். பொருந்தாத டார்க் படத்துக்குப் புது இரைச்சலைத்தான் சேர்க்கும். கமெராவுக்குள் இருக்கும் நீள எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு டார்க் எடுத்து பாதி இரவைத் தின்னும்.

பிளாட்டை (ஓர இருளையும் தூசியையும் சரிசெய்ய எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) விடியல் வானத்தில் எடுக்க நினைப்பவர்களுக்கு: இங்கே பொழுது சட்டென்று விடியும். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே வருவதிலிருந்து உதிக்கும் வரை இருபது நிமிடத்துக்குச் சற்றே மேல். வெள்ளை பெனியன் துணியும் வெளிச்சப் பலகையும் நம்பகமானவை. ஃபோகஸையோ கமெராத் திருப்பத்தையோ தொட்டுவிட்டால் அந்த பிளாட் செல்லாது.

குளக்கரைகளில் தையிலும் மாசியிலும் பனி கொட்டும். நீனாவின் வரைபடத்தில் நட்சத்திர விட்டம் மெல்ல மெல்ல ஏறி, நட்சத்திர எண்ணிக்கை இறங்கினால் ஓட்டோஃபோகஸைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டாம். லென்ஸைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். யூஎஸ்பி சூடேற்றும் பட்டியை முன்மாலையிலேயே போட்டுவிடுங்கள்.

லப்டொப்பில் நடப்பவை

வயலில் சிக்னல் இருக்காது. பிளேட் சோல்வ் செய்யும் அஸ்டாப்பின் நட்சத்திரத் தரவுத்தளத்தை வீட்டிலேயே இறக்கி, ஒரு படத்தைச் சோல்வ் செய்து சோதித்துவிட்டுப் புறப்படுங்கள். விண்டோஸின் உறக்கநிலை, யூஎஸ்பி மின்சேமிப்பு, தானாக மறுதொடக்கம் மூன்றையும் அணையுங்கள். நடுச்சாமத்தில் "நீனா நின்றுவிட்டது" என்பதன் பின்னால் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

சிரிலின் ஸ்கிரிப்ட் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் கோப்புறைப் பெயர்: லைட்ஸ் (வானப் படங்கள்), டார்க்ஸ், பிளாட்ஸ், பயஸஸ் (மிகக் குறுகிய எக்ஸ்போஷர் டார்க்) என நான்கும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், பன்மையில் இருக்க வேண்டும். கமெராவை ராவும் ஜேபெக்கும் சேர்ந்து பதியும்படி விட்டிருந்தால், ஜேபெக்குகளை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் சிரில் இரண்டையும் அள்ளிக்கொண்டு தடுமாறும். வன்டிரைவ் ஒத்திசைக்கும் கோப்புறையிலும் வேலை செய்யாதீர்கள்.

இடம் போதாமல் நின்றுபோவதற்கு ஒரு கணக்கு. 24 மெகாபிக்ஸல் ராவ் ஒன்று 25, 30 எம்பிதான். ஆனால் நிறம் பிரித்து 32 பிட்டாக விரிந்ததும் அது 288 எம்பி. 200 படத்துக்கு 58 ஜிபி. பொருத்திய பிரதி இன்னொரு 58 ஜிபி. 128 ஜிபி வன்தட்டு எங்கே தாங்கும்? அமைப்பில் 16 பிட் என்று மாற்றினால் பாதியாகும். விண்டோஸில் டெவலப்பர் நிலையைத் திறந்துவிட்டால் சிரில் கோப்புகளைப் பிரதியெடுக்காமல் இணைப்பு மட்டும் போடும்.

செயலாக்கத்தில் வரிசை மாறுவது

"சேமித்த படம் கறுப்பாக இருக்கிறது." சிரிலில் தொடங்குகிற எல்லாரும் ஒருமுறை கேட்கும் கேள்வி. திரையில், மங்கலை விரித்துக் காட்டும் ஓட்டோஸ்ட்ரெச் பார்வையில் நெபுலா (வாயு முகில்) பிரகாசமாகத் தெரியும். ஜேபெக்காகச் சேமித்துத் திறந்தால் நாலைந்து புள்ளி மட்டும். அந்தப் பார்வை திரைக்கு மட்டும்தான், கோப்பு மாறவில்லை. ஹிஸ்டோகிராம் கருவியாலோ ஆசின் விரிப்பாலோ உண்மையாக விரித்து, பார்வையை லீனியருக்கு (விரிக்காத நிலைக்கு) மாற்றி, அப்போதும் தெரிந்தால் சேமியுங்கள்.

விரிப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை இருக்கின்றன. கரீனா நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவுக்குக் கிடைக்காத, நமக்குக் கிடைக்கும் பொருள். மாசிக் கடைசி இரவுகளில் நடுச்சாமத்தை ஒட்டி, தெற்கே 21 பாகையில் உச்சம் காணும். அந்த உயரத்தில் ஒளி கடக்கும் காற்று, தலைக்கு மேலே இருப்பதைப்போல 2.8 மடங்கு. அதனால் நீலம் குறைந்து படம் மஞ்சளாகும், கீழ்ப்பக்கம் வெளிறும். முதலில் ஓரங்களை வெட்டுங்கள்; பொருத்தியதில் வந்த கறுப்பு விளிம்பு எல்லாக் கணிப்பையும் கெடுக்கும். அடுத்து வெளிச்சச் சரிவை நீக்குதல், பிளேட் சோல்வ், நட்சத்திர ஒளியளவால் நிறம் சரிசெய்தல், இரைச்சல் குறைத்தல், பிறகே விரிப்பு. கையால் நிறத்தை இழுப்பவர்கள் இந்த மஞ்சளைத் துரத்தி நெபுலாவை ஊதாவாக்கிவிடுவார்கள்.

சோல்வ் தோற்றால் குவியத்தூரத்தையும் பிக்ஸல் அளவையும் பாருங்கள். 18 மெகாபிக்ஸல் கெனன் ஏபிஎஸ்-சி கமெராவுக்கு 4.3 மைக்ரோன். ஸூம் லென்ஸ் என்றால் வளையத்தில் உண்மையில் எங்கே வைத்தீர்கள் என்பதே முக்கியம்.

வெளிச்சச் சரிவை நீக்கும் கிராக்ஸ்பேர்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது இன்னொரு கேடு. அகலக்கோணத்தில் எடுத்த பால்வீதி மென்பொருளின் கண்ணுக்கு நகர வெளிச்சம் போலவே தெரியும். பால்வீதியையே கழித்துவிட்டு, சாம்பல் பட்டியைக் கையில் தரும். இவ்வகைப் படத்துக்கு சிரிலில் முதற்படிப் பல்லுறுப்பு, அதாவது நேரான சரிவை மட்டும் கழிப்பது, போதும். மாதிரிப் புள்ளிகளில் பால்வீதி மேல் விழுந்தவற்றை அழித்துவிடுங்கள். கழித்த பின்னணியைத் தனியாகத் திறந்து பார்க்கலாம். அதில் நெபுலாவின் உருவம் தெரிந்தால் வேண்டியதையும் சேர்த்துக் கழித்திருக்கிறீர்கள்.

வானத்தைக் கன்னங்கரேல் என்று ஆக்க வேண்டாம். பின்னணி 255க்கு 25, 30 அளவில் இருக்கட்டும். கறுப்புப் புள்ளியை இழுத்து வெட்டினால் நெபுலாவின் மெல்லிய ஓரங்கள்தான் முதலில் போகும்.

கோள்கள்

வேறு மென்பொருள், வேறு பழக்கம். எம்பி4 வேண்டாம், ஷார்ப்கப் அல்லது ஃபயர்கப்சரில் சுருக்காத எஸ்இஆர் வடிவில் பதியுங்கள். வியாழன் பத்து மணிநேரத்துக்குள் ஒருமுறை சுழல்வதால் ஒரு காணொளி 2, 3 நிமிடத்தைத் தாண்டினால் விவரம் மங்கும். அடுக்கும் மென்பொருளான ஓட்டோஸ்டாக்கர்ட்டில் எல்லாப் படத்தையும் அடுக்காமல் 10 முதல் 25 வீதம் எடுங்கள். ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்கும் வேவ்லெட்டை இழுக்கும்போது கோளின் விளிம்பில் இரட்டைக் கோடு தோன்றினால் இரண்டு படி பின்னால் வாருங்கள்.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் எந்தக் கோளும் வன்னியில் உச்சத்தில் 50 பாகைக்குக் கீழே நிற்பதில்லை. அப்படியிருந்தும் பலர் பனைக்கு மேலே எழும்பியவுடனேயே பதியத் தொடங்குகிறார்கள், அதுவும் நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் ட்ரைபொட்டை வைத்து. பகல் முழுக்கக் காய்ந்த தளம் நடுச்சாமம் வரை சூட்டைக் கக்கும். கோள் கொதிதண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். புல்தரைக்கு மாறி, கோள் உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து பதிந்தால் வேவ்லெட்டைப் பாதி அளவு இழுத்தாலே பட்டைகள் பிரிந்து தெரியும்.