47 வயதில் மறுபடி மாணவி

கணக்கராக இருந்தேன், பிறகு மொழிபெயர்ப்பு, இப்போது மரவேலை கற்கிறேன். இரண்டு முறை தொழில் மாறியதில் எனக்குப் பிடிபட்ட வழி இது.

முதலில் இருக்கும் வேலையை விடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலையைப் புதியதற்கு ஒதுக்குங்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த மாலைக்காக மனம் ஏங்கினால் மட்டும் அடுத்த அடி. எனக்கு வயலின் ஆறாவது வாரமே அலுத்துவிட்டது. நல்லவேளை, இரவல் வயலின்!

ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை ராஜினாமா கடிதம் அலமாரியிலேயே தூங்கட்டும்.

'21 நாளில் பழக்கம் படியும்' என்பதை நம்பிச் சோர்ந்துபோகாதீர்கள். 2009இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது.

உண்மையில் கடினம், தெரியாதவராக நிற்பதுதான். இருபது வயதுப் பையன் என் இழைப்புளியை வாங்கிக்கொண்டு, "அக்கா, நார் ஓடுற பக்கத்துக்கு எதிரா இழைக்கிறீங்க, அதான் பிய்யுது" என்றான். காது சூடானது. பலகையைத் திருப்பி வைத்தேன். சீவல் நாடாபோலச் சுருண்டு வந்தது.

பழைய தொழிலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பட்டறையில் மர அளவுக் கணக்கெல்லாம் இப்போது என்னிடம்தான் வருகிறது. அந்தப் பையனும் வரிசையில் நிற்கிறான்.